அடிமை வாணிகத்தை எதிர்த்த தாமஸ் கிளார்க்ஸன்

அடிமை வாணிகத்தை ஒழித்த ஆங்கிலேயர் யாவர் என்று வினவினால், நம் மாணவ நண்பர்களுட் பெரும்பாலார் வில்பர்போர்ஸ் என்று தயங்காது விடை கூறுவர். அவ்விடை பிழையன்று; ஆயின் நிறைவுடையதும் அன்று. பாராளுமன்றத்தில் எழுந்து நின்று பேசிய பெருந்தகை அவரே. அவர் பேசுதற்கு வேண்டிய சான்றுகளைத் துறைமுகந்தோறும் அலைந்து திரட்டியவரும், அப்பேச்சு வீண்போகாவண்ணம் நாட்டு மக்களின் உள்ளத்தைப் பண்படுத்தி வைத்தவரும் வேறொருவர். தாமஸ் கிளார்க்ஸன் என்னும் அப்பெரியாரின் பெயர் நம் வரலாற்றுப் பாடங்களில் ஒரு வரிக்குமேல் இடம்பெறுவது அரிது. அவர் வாழ்க்கையை ஈண்டு எடுத்துரைக்க நாம் முற்பட்டமைக்கு இஃது ஒரு காரணம். மற்றொரு காரணமும் உண்டு. கல்லூரிப் பரிசொன்றிற்காக எழுதப்பட்ட ஒரு கட்டுரையிலிருந்தே அவருடைய பொதுவாழ்வு தொடங்கிற்று. ஆண்டுதோறும் பரிசுக் கட்டுரை எழுதிப் பரிசளிப்பு விழாவன்றே அதனை மறந்துவிடும் நம்மனோர்க்கு அவர் சரிதம் சிறிது உறுத்தலாகவே இருக்கும்.

கிளார்க்ஸன் பிறந்த காலத்தில் அடிமை வாணிகம் யாங்ஙனம் நடைபெற்றது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். அதனைச் சில கொடியோரின் தனிச்செயல் என்று எண்ணுதல் பொருந்தாது. லிவர்பூலிலிருந்தும் பிரிஸ்டலிலிருந்தும் புறப்படும் கப்பல்கள் பர்மிங்காம் துப்பாக்கிகளையும், லங்காஷயர்த் துணிகளையும், நம் சோழமண்டலக் கரையில் நெய்து நீலமூட்டிய துணிகளையுங்கூட ஏற்றிக்கொண்டு மேற்கு ஆப்பிரிக்கக் கரையை அடையும். அங்கே அவற்றைக் கொடுத்து மனிதரைக் கொள்ளும். அம்மனிதரை மேற்கிந்தியத் தீவுகளில் விற்றுவிட்டுச் சருக்கரையும் காப்பிக்கொட்டையும் பஞ்சும் ஏற்றி மீளும். கப்பலுக்குக் காப்புறுதி செய்தோர் இலண்டனில் இருந்தனர். முதலுக்குக் கடன் கொடுத்தோர் வங்கிகளில் இருந்தனர். சுங்கம் அரசாங்கப் பொக்கிஷத்திற் சேர்ந்தது. சருக்கரை ஏழை வீட்டுத் தேநீரிலும் கரைந்தது. இவ்வாறு ஒவ்வொருவர் கையிலும் ஒரு நூல் இருந்தது. வலை முழுவதும் ஒருவர் கையிலும் இல்லை. ஆதலின் குற்றம் தன்னுடையது என்று எவரும் உணர்ந்திலர். ஏறக்குறைய மூன்றரை நூற்றாண்டுகளில் ஐரோப்பியர் பலரும் சேர்ந்து அட்லாண்டிக் கடல்வழியாகக் கொண்டுசெல்லக் கப்பலேற்றிய ஆப்பிரிக்கர் ஏறத்தாழ 1,25,00,000 பேர் என்று வரலாற்றறிஞர் கணக்கிடுவர்.

சமுதாயம் என்பது தனித்தனி மணிகளைக் கொட்டிவைத்த குவியலன்று. ஓர் உறுப்பின் அசைவு மற்றோர் உறுப்பைத் தாக்கி, அத்தாக்குதல் சுற்றி வந்து முதலுறுப்பையே மீண்டும் தொடும் ஓர் அமைப்பு அது. இந்நாளைச் சமூக நூலார் இதனைப் பெரிதும் வற்புறுத்துவர். கிளார்க்ஸன் அவர்தம் நூல்களைக் கற்றவரல்லர். குதிரைமேல் ஏறி நாடு சுற்றியே அவ்வுண்மையைக் கண்டவர் என்பது நம் கருத்து.

அவர் 1760-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 28-ஆம் நாள் கேம்பிரிட்ஜ் நாட்டுப்புறத்தைச் சார்ந்த விஸ்பெச் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் குருவானவர், அவ்வூர்ப் பள்ளியின் தலைமையாசிரியருமாவார். மகனுக்கு ஆறு வயது நிரம்புமுன்னரோ நிரம்பியவுடனோ, 1766-இல் அவர் காலஞ்சென்றார். தாயார் மக்களை வளர்த்தார். தாமஸ் இலண்டன் புனித பவுல் பள்ளியிற் பயின்று, 1779-இல் கேம்பிரிட்ஜில் செயிண்ட் ஜான்ஸ் கல்லூரியிற் சேர்ந்தார். உயரமான உடலும், செம்மை பாய்ந்த தலைமயிரும், சிரிப்பு எளிதில் எழாத முகமும் உடையவர் என்பர். திருச்சபையில் குருத்தொழில் பூண்டு அமைதியாக வாழ்வதே அவர் கருதியிருந்த நெறி.

1785-ஆம் ஆண்டு அப்பல்கலைக்கழகத்தில் துணைவேந்தராயிருந்த பீட்டர் பெக்கார்டு என்பவர் பட்டதாரிகளுக்குரிய இலத்தீன் கட்டுரைப் போட்டிக்கு ஒரு வினா விடுத்தார். பிறரை அவர்தம் விருப்பத்திற்கு மாறாக அடிமைப்படுத்துதல் முறையாகுமா என்பதே அவ்வினாவின் கருத்து. அவ்வினா வானத்திலிருந்து விழவில்லை. 1781-இல் சாங் என்னும் கப்பலினின்று 130-க்கு மேற்பட்ட ஆப்பிரிக்கர் உயிரோடு கடலில் எறியப்பட்டனர். கப்பலுக்குரியவர் இழந்த சரக்குக்கு ஈடு தருமாறு காப்புறுதியாளர்மீது வழக்காடினர். கொலை வழக்காக வரவேண்டியது பண வழக்காக வந்தது. முன்பு அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒலௌதா ஈக்வியானோ என்பவர் அச்செய்தியைக் கிரான்வில் ஷார்ப் என்னும் நல்லவரிடம் ஓடிச்சென்று உரைத்தார். ஷார்ப் பலருக்கும் எழுதினார். அவ்வதிர்ச்சி பெக்கார்டையும் எட்டிற்று. இச்சங்கிலியின் முதற்கண்ணி ஓர் ஆப்பிரிக்கர் என்பதை நண்பர்கள் மறவாதிருக்க வேண்டுகின்றோம்.

கிளார்க்ஸன் முந்திய ஆண்டும் ஓர் இலத்தீன் பரிசு பெற்றவர். இவ்வாண்டும் பெறவேண்டும் என்னும் ஆசையே அவரை எழுதத் தூண்டிற்று; அடிமைகளைப் பற்றி அவர் அதுவரை ஒன்றும் அறியார். கால எல்லையோ சில வாரங்களே. பிலடெல்பியா நகரத்து ஆசிரியர் அந்தோனி பெனசெட் கினி நாட்டைப் பற்றி எழுதிய நூல் ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. படிக்கப் படிக்கப் பரிசு மறந்தது. இரவில் உறக்கம் நீங்கிற்று, எழுந்தெழுந்து குறிப்பெழுதினார். முதற்பரிசு அவருக்கே கிடைத்தது. அக்கட்டுரையைச் செனட் மண்டபத்திற் படித்துப் பாராட்டும் பெற்றார்.

பாராட்டோடு முடிந்திருக்கவேண்டியது அன்று முடியவில்லை. இலண்டனை நோக்கிக் குதிரைமேற் செல்லும் வழியில் அவர் மனம் கட்டுரையையே சுற்றிச் சுழன்றது. ஹெர்ட்போர்டுஷயரில் வேட்ஸ்மில் என்னும் ஊரையடுத்துக் குதிரையை விட்டிறங்கிப் புல்தரையில் அமர்ந்தார். தான் எழுதியவை உண்மையாயின், இக்கொடுமையை முடிவுவரை கொண்டுசெல்ல ஒருவன் வேண்டுமன்றோ என்னும் எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. அப்போது அவருக்கு வயது 25.

இவ்விடத்திற் கதை எழுதுவோர் பலர், அன்றே உலகம் மாறத் தொடங்கிற்று என்று எழுதிவிடுவர். நாம் அவ்வாறு எழுத மனங்கொள்ளவில்லை. சாலையோரத்தில் மனம் நொந்து அமர்ந்தவர் அவருக்கு முன்னும் பலர் இருந்திருப்பர். அவர்கள் மீண்டும் குதிரையேறி ஊர்போய்ச் சேர்ந்தனர். கிளார்க்ஸனுக்கு வேறு நல்வாய்ப்பு வாய்த்தது. கட்டுரையை ஆங்கிலத்திற் பெயர்த்து அச்சிடப் பதிப்பாளரைத் தேடியபோது ஜேம்ஸ் பிலிப்ஸ் என்னும் அச்சுக்கூடத்தாரிடம் வந்து சேர்ந்தார். அவர் குவேக்கர் எனப்படும் நண்பர் சபையைச் சார்ந்தவர். அச்சபையார் அடிமை முறையை முன்னரே வெறுத்து விலக்கியவர்கள். 1783-இல் பாராளுமன்றத்திற்கு விண்ணப்பமும் அனுப்பியவர்கள். பணமும், அச்சுக்கூடமும், ஊர்தோறும் நம்பத்தக்க உறவினரும் அவர்களுக்கு இருந்தனர். ஆனால் அரச திருச்சபையைச் சாராதவர் என்பதால் நாட்டார் அவர்களைப் புறம்பானவராகக் கருதினர். பாராளுமன்ற வாயிலும் அவர்க்கு அடைபட்டிருந்தது. வாய்க்கால் வெட்டி ஆயத்தமாயிருந்தது, நீர்தான் வரவில்லை. கிளார்க்ஸனுக்கோ நீரிருந்தும் வாய்க்கால் இல்லை. இரண்டும் அவ்வச்சுக்கூடத்திற் கூடின. கட்டுரை 1786-இல் வெளிவந்தது. 1787-ஆம் ஆண்டு மே மாதம் 22-ஆம் நாள் அதே அச்சுக்கூடத்தில் பன்னிருவர் கூடி அடிமை வாணிக ஒழிப்புக் குழுவை நிறுவினர். அவருள் ஒன்பதின்மர் குவேக்கர். ஷார்ப், கிளார்க்ஸன் உள்ளிட்ட ஏனை மூவரும் ஆங்கிலத் திருச்சபையார். பாராளுமன்றத்திற் பேசுதற்கு வில்பர்போர்ஸ் இசைந்தார்.

அடுத்த மாதமே கிளார்க்ஸன் சான்று தேடிப் புறப்பட்டார். முதலிற் பிரிஸ்டல். மாலையில் அந்நகரை நெருங்கியபோது கோயில் மணிகள் ஒலிக்கக் கேட்டு, தாம் எதிர்க்கத் துணிந்த பொருளின் பெருமையை எண்ணி அவர் உள்ளம் நடுங்கியதாம். வணிகர் முதலில் முகமலர்ந்து பேசினர். அவர் வந்த காரணம் தெரிந்தபின் தெருவிற் கண்டால் விலகிச்சென்றனர். ஆகவே மேன்மக்களை விட்டு மாலுமிகளிடம் சென்றார். ஏழு விண்மீன் என்னும் பெயருள்ள மதுக்கடையின் உரிமையாளர் அவருக்கு வழிகாட்டினார். நள்ளிரவில் கடைகடையாக நுழைந்து, குடித்து மயங்கிய இளைஞரை அடிமைக் கப்பல்களுக்கு ஆளாகப் பிடிக்கும் சூழ்ச்சியைக் கிளார்க்ஸன் கண்ணாரக் கண்டார். குருத்தொழிலுக்குப் பயின்ற ஒருவர் மதுக்கடையில் உட்கார்ந்து குறிப்பெழுதுவது நம் ஊரில் நிகழ்ந்திருப்பின் எவ்வளவு பேச்சு எழுந்திருக்கும் என்று எண்ணிப் புன்னகைத்தோம்.

லிவர்பூல் இன்னும் கடுமையானது. அங்கே கடைத்தெருவில் வெளிப்படையாக விற்ற கைவிலங்கு, கால்விலங்கு, விரலை நெருக்கும் திருகு, உணவுண்ண மறுப்போர் வாயை வலிந்து திறக்கும் கருவி ஆகியவற்றை விலை கொடுத்து வாங்கினார். சொல்லால் நம்பாதவர் இரும்பைத் தொட்டால் நம்புவர் என்று அவர் அறிந்திருந்தார். ஒருநாள் புயற்காற்று வீசும் வேளையில் கடற்பாலத்தின் முனையில் நின்றபோது சிலர் அவரைச் சூழ்ந்து கடலுள் தள்ள முயன்றனர். உயரமும் வலிமையும் உதவ, அவர்களை முட்டித்தள்ளிக்கொண்டு தப்பினார்.

இப்பயணங்களிற் கிளார்க்ஸன் கண்டறிந்தவற்றுள் ஒன்றை நாம் தனித்து எடுத்துக் கூறவேண்டும். அடிமை வாணிகத்தை ஆதரித்தோர் அக்காலத்து அரசியலாரிடம் சொல்லிவந்த வலிய காரணம், அவ்வாணிகம் கடற்படைக்கு மாலுமிகளைப் பயிற்றும் பள்ளி என்பது. கருணையைப் பேசினால் அசையாத உறுப்பினரும் கடற்படை என்றால் காதுகொடுப்பர். கிளார்க்ஸன் கப்பல்களின் ஆட்பட்டியல்களைச் சுங்கச் சாவடிகளிலிருந்து எடுத்து, ஏறக்குறைய 20,000 மாலுமிகளின் பெயரை ஒவ்வொன்றாகப் பின்பற்றினார். புறப்பட்டவர் யார், மாண்டவர் யார், தீவுகளிற் கைவிடப்பட்டவர் யார் என்று கணக்கெடுத்தார். அவ்வாணிகம் மாலுமிகளுக்குப் பள்ளியன்று, இடுகாடு என்பது வெளியாயிற்று. எதிரியின் கோட்டையில் எக்கல்லை அசைத்தால் மதில் முழுவதும் ஆடும் என்று கண்டு, அக்கல்லின்மேற் கைவைத்தார். மாலுமிகளின் துன்பத்தை முன்னிறுத்தியதால் ஆப்பிரிக்கரின் துன்பம் பின்தள்ளப்பட்டது என்று குறை கூறுவாரும் உளர். அக்குறையில் உண்மை இல்லாமலில்லை. ஆயின் மூடிய கதவுக்கு எந்தத் திறவுகோல் பொருந்துமோ அதனையே அவர் எடுத்தார் என்று நாம் அமைவோம்.

அவர் விடாமுயற்சிக்கு ஒரு சான்று. ஆப்பிரிக்காவில் ஆறுகளின்மேல் படகிற் சென்று ஊர்களைச் சூறையாடி மனிதரைப் பிடிப்பதை நேரிற் கண்ட மாலுமி ஒருவர் உண்டென்று கேள்வியுற்றார். பெயர் தெரியாது, அரசாங்கப் போர்க்கப்பல் ஒன்றில் இருப்பார் என்பது மட்டும் தெரியும். துறைமுகம் துறைமுகமாகச் சென்று ஒவ்வொரு கப்பலிலும் ஏறி வினவினார். கடைசியிற் பிளிமத் துறையில் 57-ஆவது கப்பலில் அம்மனிதரைக் கண்டுபிடித்தார். அவர் பெயர் ஐசக் பார்க்கர். அவருடைய சாட்சியம் பாராளுமன்றக் குழுவின்முன் பதிவாயிற்று. ஏழாண்டுகளில் கிளார்க்ஸன் பயணஞ்செய்த தொலைவு 35,000 மைல்.

சான்று திரட்டுதல் ஒரு பாதி. அது பரவியது மறுபாதி. 1787-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் மான்செஸ்டர் நகரத்தில் அவர் பிரசங்கம் செய்யவேண்டியதாயிற்று. எதிர்பாராத பெருங்கூட்டம் கூடியிருந்தது. ஆப்பிரிக்க வமிசத்தார் நாற்பது ஐம்பது பேர் பிரசங்க பீடத்தைச் சூழ நின்றனர். அந்நகரத்தார் 10,000-க்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டு விண்ணப்பம் அனுப்பினர். அடிமைகளுக்காக நெய்த துணியால் வாழ்ந்த நகரமே அது. அதனைக் கண்டு பிற ஊர்களும் துணிந்தன. 1788-இல் நூற்றுக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் பாராளுமன்றத்தை அடைந்தன. ஓர் ஊரார் துணிவு அடுத்த ஊராரின் அச்சத்தைக் குறைக்கும். இரண்டூராரும் துணிந்தபின் மூன்றாமூரார் துணியாதிருத்தல் வெட்கமாகும். நம் நாட்டு ஏரித்தொடர்களைக் கண்டவர்க்கு இது விளங்கும். மேலேரி நிரம்பும்வரை கீழேரிக்கு ஒரு துளியும் வாராது. பார்ப்பவர் மழை வீணாயிற்று என்பர். கலிங்கில் நீர் ஏறியதும் அடுத்த ஏரிக்கு வெள்ளமே வரும்.

குயவுத் தொழிலிற் சிறந்த ஜோசையா வெட்ஜ்வுட் 1787-இல் விலங்கிட்டு மண்டியிட்ட ஆப்பிரிக்கர் உருவம் பொறித்த சிறு பதக்கம் ஒன்றைச் செய்தார். ஆடவர் அதனை மூக்குத்தூள் டப்பியிற் பதித்தனர். மகளிர் கொண்டையூசியிலும் கைவளையிலும் அணிந்தனர். ஆடையணி விருப்பம் அறத்திற்கு உதவியது அரிய காட்சியே. 1789-இல் அதனினும் வலிய ஒரு படம் வெளிவந்தது. பிளிமத் ஊர்க் குழுவார் தொடங்கி இலண்டன் குழுவார் திருத்தியமைத்த அப்படம், புரூக்ஸ் என்னும் லிவர்பூல் கப்பலின் தளங்களை மேலிருந்து நோக்குமாறு காட்டியது. அதில் 482 மனித உருவங்கள் பெட்டியில் அடுக்கிய மெழுகுவத்திகள்போல் நெருங்கிக் கிடந்தன. கற்பனையால் மிகைப்படுத்தியதன்று, அக்கப்பல் முன்னொருமுறை ஏற்றிச்சென்றது 609 பேரை. எழுத்தறியாதவரும் அப்படத்தைப் படித்தனர். கிளார்க்ஸன் அவ்வாண்டு பாரிஸ் நகரம் சென்று அதனைப் பிரெஞ்சுத் தலைவர்களுக்குக் காட்ட, மிராபோ அதனைப்போல் மரத்தில் ஒரு சிறு கப்பலே செய்வித்தார்.

ஈக்வியானோ தம் சுயசரிதையை வெளியிட்டதும் 1789-இலேயே. அவர் ஊரூராகச் சென்று தம் நூலை விற்றுப் பேசினார். கேம்பிரிட்ஜ் நண்பர்க்கு அவரை அறிமுகஞ்செய்து கிளார்க்ஸன் கடிதம் எழுதினார். மண்டியிட்ட உருவத்தைப் பதக்கத்திற் கண்ட மக்கள், நிமிர்ந்து நின்று பேசும் மனிதரையும் காணலாயினர். இரண்டனுள் எது அதிகம் பயன்பட்டது என்று கேட்டால் நாம் பின்னதையே சொல்வோம்.

இவ்வளவும் நிகழ்ந்தும் 1791-இல் வில்பர்போர்ஸ் கொண்டுவந்த மசோதா 88-க்கு 163 வாக்குகளால் தோற்றது. தோல்வி வேறொரு வழியைத் திறந்தது. பாராளுமன்றத்தார் செவிசாயாவிடில் சருக்கரையை நாமே நிறுத்துவோம் என்று மக்கள் எண்ணத் தலைப்பட்டனர். வில்லியம் பாக்ஸ் என்பவர் அவ்வாண்டு எழுதிய சிறு பிரசுரம் பல்லாயிரக்கணக்காக விற்றது. வாரம் ஐந்து பவுண்டு சருக்கரை வழங்கும் ஒரு குடும்பம் 21 மாதம் அதனை விலக்கினால் ஒரு மனிதன் அடிமையாவதை அல்லது மாள்வதைத் தடுக்கலாம் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். கணக்கு நுட்பமாகச் சரியோ அன்றோ, வலையின் ஒரு நூல் தன் சமையலறையில் முடிந்திருப்பதை ஒவ்வொரு குடும்பத் தலைவியும் அதனாற் கண்டாள். வாக்குரிமையில்லாத பெண்கள் தேநீர்க் கிண்ணத்தில் வாக்களித்தனர் எனலாம். சருக்கரையை விட்டவர் தொகை 3,00,000 இருக்கும் என்று கிளார்க்ஸன் மதிப்பிட்டார். 1792-இல் வந்த விண்ணப்பங்கள் 519; கையொப்பங்கள் ஏறத்தாழ 3,90,000. பொதுச்சபை படிப்படியாக ஒழிப்பதற்கு இசைந்து 85-க்கு 230 என்னும் வாக்கால் தீர்மானித்தது. பிரபுக்கள் சபையோ விசாரணை என்று சொல்லிக் காலங்கடத்தியது.

அதன்பின் காற்று மாறிற்று. பிரெஞ்சுப் புரட்சி இரத்தத்தில் தோய்ந்தது. 1791-இல் செயிண்ட் டொமிங்கோ தீவில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். 1793-இல் பிரான்சோடு போர் மூண்டது. விண்ணப்பம், கூட்டம், சங்கம் என்ற சொற்களே அரசாங்கத்திற்கு இராஜத் துரோகமாய்த் தோன்றின. பாரிசுக்குச் சென்று வந்த கிளார்க்ஸனைப் புரட்சிக்காரர் என்று பழித்தனர். மக்களைத் திரட்டிய அதே கருவிகள் இப்போது ஐயத்திற்கு இலக்காயின. உடலும் பணமும் குன்றி 1794-இல் அவர் பணியினின்று விலகினார். ஓர் அமைப்பைத் தள்ளினால் அது திரும்பித் தள்ளும். தள்ளியவர் முதுகெலும்பே சிலபோது முறியும். இதனைத் தோல்வி என்று எழுத நமக்கு மனம் வரவில்லை.

ஏரி நாட்டில் உல்ஸ்வாட்டர்க் கரையில் நிலம் வாங்கி வீடு கட்டி உழுதார். 1796-இல் காதரின் பக் என்னும் நல்லாளை மணந்தார். கவிஞர் வோர்ட்ஸ்வொர்த்தும் அவர் தங்கையாரும் அவ்வீட்டிற்கு நெருங்கிய நண்பராயினர். மேற்கொண்டு பத்தாண்டுகளை விரித்துரைக்கத் தேவையில்லை. 1804-இல் மீண்டும் குழுவிற் சேர்ந்து குதிரையேறினார். மேற்கிந்தியத் தீவுகளை நேரிற் கண்டறிந்த வழக்கறிஞர் ஜேம்ஸ் ஸ்டீபன் ஒரு நுட்பமான வழி கண்டார். பகைவர் குடியேற்ற நாடுகளுக்கு அடிமைகளைக் கொண்டுசெல்லுதல் ஆகாது என்று போரைக் காரணமாக்கி 1806-இல் ஒரு சட்டம் நிறைவேறிற்று; அதனால் வாணிகத்தின் பெரும்பகுதி அடிபட்டது. எந்தப் போர் இயக்கத்தை முடக்கியதோ அந்தப் போரே அதற்குப் படியாயிற்று. 1807 பிப்ரவரியில் பொதுச்சபை 16-க்கு 283 என்னும் வாக்கால் அடிமை வாணிகத்தை ஒழித்தது. மார்ச்சு 25-ஆம் நாள் அரச சம்மதம் கிடைத்தது.

மறு ஆண்டு கிளார்க்ஸன் இவ்வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார். அந்நூலில் ஒரு விசித்திரமான படம் உண்டு. அஃது ஆறுகளின் படம். ஆனால் எந்த நாட்டு ஆறுமன்று. தமக்கு முன் அடிமைத்தனத்தை எதிர்த்துப் பேசியோர், எழுதியோர் ஒவ்வொருவரையும் ஓர் ஓடையாக வரைந்து, ஓடைகள் கூடிச் சிற்றாறாகி, சிற்றாறுகள் கூடிப் பேராறாகி ஓடுமாறு அமைத்திருந்தார். ஒரு பெரியாரைத் தேடி மாலை சூட்டும் பழக்கமுள்ள நமக்கு அப்படம் புதுமையானது. ஆயினும் அதில் ஒரு குறையைச் சுட்டாதிருக்க இயலவில்லை. அவ்வாறுகளின் பெயர்களுட் பெரும்பாலன ஐரோப்பியர், அமெரிக்கர் பெயர்களே. கிளர்ந்தெழுந்த அடிமைகள் ஓடிய ஆறு அதில் வரையப்படவில்லை.

வாணிகம் ஒழிந்தது, அடிமைத்தனம் ஒழிந்ததில்லை. புது ஆட்கள் வாராதொழிந்தால் பண்ணை முதலாளிகள் இருப்பவரைக் கருணையோடு நடத்துவர் என்று ஒழிப்பாளர் நம்பினர். அந்நம்பிக்கை பொய்த்தது. 1823-இல் புதிய சங்கம் தோன்றியபோது 63 வயதான கிளார்க்ஸன் மறுபடியும் 10,000 மைல் சுற்றினார். அடுத்த ஆண்டில் 777 விண்ணப்பங்கள் குவிந்தன. தலைவர்களோ படிப்படியாக என்ற சொல்லையே பற்றிக்கொண்டிருந்தனர். லெஸ்டர் நகரத்து எலிசபெத் ஹெய்ரிக் அம்மையார் 1824-இல் உடனே விடுதலை வேண்டும் என்று எழுதினார். மாதர் சங்கங்கள் அவர் பக்கம் நின்றன. தம் நன்கொடையை நிறுத்துவோம் என்று எச்சரித்தபின் 1830-இல் தாய்ச்சங்கம் அச்சொல்லைக் கைவிட்டது. 1831-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் ஜமெய்க்காவில் பாப்திஸ்து சபையின் உதவிக்காரரும் அடிமையுமான சாமுவேல் ஷார்ப் என்பவர், கூலியின்றி வேலை செய்ய மறுக்குமாறு தம் மக்களைத் திரட்டினார். அது கலகமாய் மூண்டது. 300-க்கு மேற்பட்டோர் மரணதண்டனை அடைந்தனர்; ஷார்ப் 1832 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். அடிமைகளுக்கு வேதத்தை வாசிக்கக் கற்பித்தல் இதற்குத்தான் இடமாகும் என்று பண்ணையார் சினந்தனர். ஓரளவு அவர்கள் சொன்னது சரிதான். மறுஆண்டு 1,87,000 பெண்கள் கையொப்பமிட்ட விண்ணப்பம் பாராளுமன்றத்துட் சுமந்து செல்லப்பட்டது. 1833-இல் சட்டம் நிறைவேறி, 1834 ஆகஸ்டு முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. தொழிற்பயிற்சி என்ற பெயரால் நீடித்த கட்டாய ஊழியம் 1838-இல் நீங்கிற்று. ஏறக்குறைய 8,00,000 பேர் விடுதலையடைந்தனர்.

இனிக் கசப்பான பகுதி. நஷ்டஈடு 2 கோடி பவுன் வழங்கப்பட்டது. விடுதலையடைந்தோர்க்கன்று, அவர்களை உடைமையாகக் கொண்டிருந்தோர்க்கு. அதற்காக வாங்கிய கடனின் எச்சத்தைப் பிரிட்டிஷ் அரசாங்கம் தீர்த்து முடித்தது 2015-இல். கிழக்கிந்தியக் கம்பெனியார் ஆண்ட நாடுகளும் இலங்கையும் அச்சட்டத்திலிருந்து விலக்கப்பட்டன. தஞ்சையிலும் செங்கற்பட்டிலும் பிறர் நிலத்தோடு பிணிக்கப்பட்டிருந்த உழவர்குடிகளுக்கு 1834 ஆகஸ்டு முதல் நாள் மற்றெந்த நாளையும் போன்றதே. இந்தியாவில் அடிமையுரிமையை நீதிமன்றம் ஏற்காது என்ற சட்டம் 1843-இல் வந்தது. தஞ்சைப் பண்ணையாட்களைக் காக்க ஒரு தனிச்சட்டம் 1952-இலும் தேவைப்பட்டது. அன்றியும் அடிமைகள் விலகிச்சென்ற கரும்புத் தோட்டங்கள் பாழாய்ப் போகவில்லை. 1834 முதல் மொரீசியஸ் தீவிற்கும், பின்னர் கயானாவிற்கும், 1860-இல் சென்னையிலிருந்து நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினர். அவருட் பலர் தமிழர். ஒரு மதகை அடைத்தால் நீர் வேறொரு மதகைத் தேடும் என்பதற்கு இதனினும் நெருங்கிய சான்று நமக்கு வேண்டியதில்லை. ஆங்கிலேயரின் விடுதலை விழாவைப் படிக்குந்தோறும் நேட்டாலுக்குப் போன கப்பலும் நம் நினைவுக்கு வருகின்றது.

கிளார்க்ஸன் முதுமையைச் சபோக் நாட்டில் பிளேபோர்டு மாளிகையிற் கழித்தார். ஹைட்டி நாட்டு மன்னர் ஹென்றி கிறிஸ்தோப்புடன் அவர் கடிதத்தொடர்பு கொண்டிருந்தார். அம்மன்னர் 1820-இல் இறந்தபின் அவர் தேவியாரும் பெண்மக்களும் இங்கிலாந்துக்கு வந்தபோது, தங்கியது கிளார்க்ஸன் வீட்டிலேயே. 1838-இல் வில்பர்போர்ஸின் புதல்வர் தம் தந்தையின் சரித்திரத்தில் கிளார்க்ஸனைச் சிறுமைப்படுத்தி எழுதினர். ஓராண்டுக்கு முன்னரே ஒரே மகனை வண்டி விபத்தில் இழந்திருந்த கிழவர், நடுங்கும் கையால் மறுப்பு எழுதினார். புதல்வர் மன்னிப்புக் கோரியது 1844-இல். ஆற்றின் படத்தில் தம்மை ஓர் ஓடையாகவே வரைந்தவரை, அவ்வோடையும் இல்லை என்று சொன்னால் யார்தாம் பொறுப்பர்?

1840 ஜூனில் இலண்டனில் உலக அடிமைத்தன எதிர்ப்பு மாநாடு கூடியபோது 80 வயதான அவரே தலைமை வகித்துத் தொடங்கிவைத்தார். அமெரிக்காவிலிருந்து பிரதிநிதிகளாக வந்த பெண்களுக்கு அவ்வவையில் இடம் மறுக்கப்பட்டது. பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்தனர். அங்கே சந்தித்து நட்புக்கொண்ட லுக்ரீஷியா மாட், எலிசபெத் கேடி ஸ்டாண்டன் என்னும் இருவரும் 1848-இல் செனிகா பால்ஸ் என்னும் ஊரில் மகளிர் உரிமைக்கெனத் தனி மாநாடு கூட்டினர். மூடிய கதவொன்று மற்றோர் இயக்கத்தைப் பெற்றது.

1846 ஆகஸ்டில் அமெரிக்க அடிமைத்தனத்தினின்று தப்பிவந்த பிரெடெரிக் டக்ளஸ் பிளேபோர்டுக்கு வந்து கிளார்க்ஸனைக் கண்டார். அடுத்த மாதம் 26-ஆம் நாள் கிளார்க்ஸன் தம் 86-ஆம் வயதில் உயிர்நீத்து அவ்வூர்க் கோயில் முற்றத்தில் அடக்கமானார். அவர் குதிரையினின்று இறங்கிய வேட்ஸ்மில் சாலையோரத்தில் 1879-இல் ஒரு கல் நாட்டினர். வெஸ்ட்மின்ஸ்டர்க் கோயிலில் அவர்க்கு நினைவுக்கல் வைத்தது 1996-இல்.

பயணங்களில் அவர் உடன்கொண்டு சென்ற மரப்பெட்டி ஒன்று விஸ்பெச் ஊர்ப் பொருட்காட்சிச்சாலையில் உள்ளது. ஆப்பிரிக்காவில் மனிதரைத் தவிர வாங்கத்தக்க பொருள்கள் பல உண்டென்று வணிகர்க்குக் காட்டுவதற்காக, அந்நாட்டு நெசவுத்துணி, பருத்தி, மிளகு, தந்தம், மரத்துண்டுகள், விதைகள் ஆகியவற்றை அதன் அறைகளில் வகைப்படுத்தி வைத்திருந்தார்.